கடலோர வீட்டுத் தோட்டம்: வெயிலில் காய்வதும் மழையில் அழுகுவதும் ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி இது: வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மணல் பூமி. வெயில் காலத்தில் எந்தச் செடி வைத்தாலும் நுனி கருகிக் காய்கிறது. மழை வந்தால் மிச்சம் இருப்பதும் அழுகிவிடுகிறது. எந்தப் பருவத்தில் எதை நட வேண்டும், வீட்டைச் சுற்றியுள்ள இடத்தை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும்?

காய்வது வெயிலால், அழுகுவது மழையால் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் பல வருடம் அப்படி நினைத்து, வெயில் வந்தால் இன்னும் ஒரு குடம் தண்ணீர், மழை வந்தால் இன்னும் ஒரு தடவை பூஞ்சண மருந்து என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் காற்றுதான் இருக்கிறது என்று புரிந்த பிறகுதான் செடிகள் நிலைக்க ஆரம்பித்தன. கடலிலிருந்து வரும் காற்று தேவைக்கு மேல் அடித்து, செடியை உப்பால் பொசுக்குகிறது. செடிகளுக்கு நடுவே ஓட வேண்டிய காற்று ஓடுவதில்லை. ஈரம் தங்கி அழுகுகிறது. முதலாவதைக் குறைக்க வேண்டும், இரண்டாவதைக் கூட்ட வேண்டும். எதை எங்கே வைப்பது, எப்போது நடுவது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வரும். அதனால் செடிகளைப் பற்றிப் பேசும் முன் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய திவலைகள் காற்றோடு வந்து இலையில் படிகின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு இலையிலேயே தங்கிவிடும். அது உள்ளே இறங்கி ஓரங்களில் சேரும்போது நுனியும் விளிம்பும் பழுப்பாகிக் கருகும். தண்ணீர் போதாமல் வாடும் செடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தொங்கும். உப்புக் காற்று பட்ட செடியில் கடலைப் பார்த்த பக்கம் கருகியிருக்கும், வீட்டைப் பார்த்த பக்கம் பச்சையாக இருக்கும். நாளைக் காலையில் ஏதாவது ஒரு செடியை முழுதாகச் சுற்றி வந்து பாருங்கள். மருந்து எதுவும் அடிக்காத செடி என்றால் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். கரித்தால், வேருக்கு இன்னும் தண்ணீர் ஊற்றுவதில் பயனில்லை. பலமாகக் காற்றடித்த நாளுக்கு மறுநாள் விடிந்ததும் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுவதுதான் முதலுதவி. மாலையில் கழுவாதீர்கள், இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சணத்துக்கு நாமே பாய் விரித்தது போல ஆகும்.

நிரந்தரத் தீர்வு காற்றுத் தடுப்பு. இங்கேதான் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். கடல் பக்கம் ஆறு அடிக்குச் சுவர் எழுப்பினேன். சுவரை ஒட்டியிருந்த செடிகள் பிழைத்தன. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இருந்த வெண்டைச் செடிகள் முன்னைவிட மோசமாகச் சாய்ந்தன, அதுவும் எந்தத் திசை என்றே சொல்ல முடியாதபடி. காரணம் எளிமையானது. இடைவெளியே இல்லாத சுவரில் மோதும் காற்று அப்படியே மேலே ஏறி, மறுபக்கத்தில் சுழன்று விழுகிறது. பாதி திறந்து பாதி மூடியிருக்கும் தடுப்பில் அப்படி நடப்பதில்லை. காற்றில் ஒரு பகுதி வேகம் குறைந்து உள்ளே ஊடுருவுவதால் சுழல் உண்டாவதில்லை. அப்படிப்பட்ட தடுப்பு தன் உயரத்தைப் போல் சுமார் பத்து மடங்கு தூரம் வரைக்கும் காற்றைத் தணிக்கும். கிட்டத்தில் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. இரண்டு மீட்டர் உயர வேலி இருந்தால் ஏறக்குறைய இருபது மீட்டர் வரை ஓரளவு பலன் உண்டு. சாதாரண வீட்டு மனைக்கு அது தாராளம்.

உயிர்வேலிதான் சிறந்தது. ஒரே வரிசையாக இல்லாமல் படிப்படியாக உயரும்படி வையுங்கள். கடலைப் பார்த்து முதலில் தரையோடு படரும் அடும்பு, அதற்குப் பின்னால் புதர்கள், அதற்கும் பின்னால் மரங்கள். காற்று சரிவில் ஏறுவது போல ஏறி வீட்டைத் தாண்டிப் போய்விடும். மரங்களில் புன்னையும் பூவரசும் கண்ணை மூடிக்கொண்டு நடலாம். இரண்டும் உப்பையும் மணலையும் தாங்கிப் பழகியவை. நாட்டு வாதுமை நல்ல நிழல் தரும், ஆனால் பக்கவாட்டில் அகலமாக விரியும், இலையும் நிறையக் கொட்டும். சவுக்கு வேகமாக வளரும். அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் எழுந்துவிடும். ஆனால் உதிர்ந்த ஊசிகள் கீழே மெத்தை போலப் படர்ந்து வேறு எதையும் முளைக்க விடாது. தாழைக்கு நிறைய இடம் வேண்டும், முள்ளும் உண்டு. மனையின் கடைசி மூலையில் இடமிருந்தால் மட்டும் யோசியுங்கள். நெய்தல் திணைப் பாடல்களில் புன்னையும் தாழையும் அடும்பும் திரும்பத் திரும்ப வருவது அழகுக்காக மட்டும் இல்லை. அந்த நிலத்தில் தாக்குப்பிடித்து நிற்பவை அவைதான். அந்தப் பாடல்களை ஒரு தோட்டக்காரராகப் படிக்கும்போது எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

புதர் வரிசைக்கு அரளி அருமையாகத் தாங்கும். ஆனால் இலை, பூ, தண்டு, விதை எல்லாமே விஷம். சின்னக் குழந்தைகளோ மேய்கிற ஆடு மாடோ இருக்கும் வீட்டில் வேண்டாம். அதற்குப் பதில் காகிதப்பூ வையுங்கள். மண் காய்ந்திருக்கும்போதுதான் அது அதிகம் பூக்கும் என்பதால் கடலோரக் கோடை அதற்கு உகந்தது. ஈழத்தலரியும் நல்ல தேர்வு. வறண்ட காலத்தில் அது இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். இந்த வேலி வளர இரண்டு வருடமாவது ஆகும். அதுவரைக்கும் கம்புகளை நட்டு, 50 சதவீத நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டி வையுங்கள். வலையும் பாதி திறந்த தடுப்புதான்.

சரி, பருவத்துக்கு வருவோம்.

மழையைக் கொண்டுவருவது பருவக்காற்று. காற்றுத் திசை மாறினால்தான் பருவமும் மாறும். ஒரு கடற்கரையில் ஆண்டின் நடுவில் பெரிய மழை, இன்னொன்றில் ஆண்டுக் கடைசியில். அதனால் மாதப் பெயர் போட்ட அட்டவணைகளை நம்பாதீர்கள். மழைக்கு முந்திய வெயில், மழை, மழை ஓய்ந்த பின் வரும் இதமான காலம் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு, உங்கள் ஊரில் முதல் நல்ல மழை எப்போது விழுகிறது, இரவில் எப்போது போர்வை தேடுகிறீர்கள் என்று இரண்டு வருடம் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு எந்தப் புத்தகத்தையும்விட உங்களுக்கு உதவும்.

மூன்றில் விலைமதிப்பற்றது மழைக்குப் பின் வரும் இதமான காலம். அது குறுகியது, அதனால் ஒரு வாரத்தைக்கூட வீணாக்கக் கூடாது. பலர் மழை முழுக்க விட்ட பிறகு விதை போடுகிறார்கள். அங்கேயே ஒரு மாதம் போய்விடுகிறது. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வெயில் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டினாலோ இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு கொட்டவே கொட்டாது. செடி நன்றாக இருக்கிறது, பூவும் இருக்கிறது, காய் மட்டும் இல்லை என்று வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது விதைத்தீர்கள்? பூக்கும் நாள் குளிர்ந்த இரவுகளில் விழும்படி பின்னோக்கி எண்ண வேண்டும். நாற்றங்காலில் நான்கு வாரம், நட்ட பின் பூக்க நான்கைந்து வாரம். ஆக, இரவு குளிரத் தொடங்குவதற்கு சுமார் இரண்டு மாதம் முன்பே, மழை இன்னும் பெய்துகொண்டிருக்கும்போதே, குழித்தட்டில் விதை விழுந்திருக்க வேண்டும். மழைச்சாரல் படாத தாழ்வாரத்தில், ஆனால் காற்று ஓடுகிற இடத்தில் தட்டை வையுங்கள். காற்று இல்லாத மூலையில் வைத்தால் நாற்றுகள் மண்மட்டத்தில் நூலாக மெலிந்து மடிந்து விழும். அது நாற்றழுகல். காலையில் மட்டும் தண்ணீர் தெளித்து, மேல்மண் லேசாகக் காய விட்டாலே பாதி தவிர்க்கலாம்.

இதே பருவத்தில் கேரட், முள்ளங்கி, பீன்ஸ், கொத்தமல்லி எல்லாம் போடலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வேண்டுமென்றால் வெப்பம் தாங்கும் ரகம் என்று உறையில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். கேரட்டுக்கு மணல் பிடிக்கும், உப்பு பிடிக்காது. பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி ஆகியவையும் உப்புக்குச் சீக்கிரம் துவளும். தக்காளி நடுத்தரம். பீட்ரூட்டும் தட்டைப்பயறும் நன்றாகத் தாங்கும். எனவே கடலுக்கு அருகில் உள்ள பாத்திகளில் தட்டைப்பயறு, வீட்டை ஒட்டிய பாத்திகளில் பீன்ஸ் என்று இடம் பிரியுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்தவர்களை நிலைகுலைய வைக்கும் ஒன்று உண்டு. நேற்று வரை செழித்திருந்த செடி இன்று மத்தியானம் பச்சை இலையோடேயே தொங்கிவிடும். மஞ்சள் ஆகாது, புள்ளி இருக்காது. தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அப்படி ஒரு செடியைப் பார்த்தால் அடித்தண்டை வெட்டி, சுத்தமான தண்ணீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி பிடித்து, அசையாமல் சில நிமிடம் பாருங்கள். வெட்டிலிருந்து பால் போல வெண்மையான இழைகள் மெல்லக் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணில் வாழும் கிருமி அது. மருந்தால் தீராது. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் சில வருடம் அந்தக் குடும்பச் செடி எதுவும் வேண்டாம், கீரையோ வெண்டையோ போடுங்கள். கத்தரியும் தக்காளியும் வேண்டியே தீரும் என்றால் சுண்டைக்காய்ச் செடியை வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டிய நாற்றைத் தேடுங்கள். சுண்டைக்காய் வேர் இந்தக் கிருமியை நன்றாக எதிர்த்து நிற்கும்.

வெயில் காலத்தை நான் காய்கறிக் காலமாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது மண்ணுக்கு வேலை செய்யும் காலம். வெண்டை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை, கொடிப்பசலை இவை போதும், வெயிலைப் பார்த்து இவை பயப்படுவதில்லை. மீதிப் பாத்திகளைக் காலி செய்து, களை எடுத்து, நன்றாக நனைத்து, நிறமில்லாத மெல்லிய பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டும்படி விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண்ணிலுள்ள களை விதையும் நூற்புழுவும் பெருமளவு அடங்கும். மணல் பூமிக்கு நூற்புழு பெரிய பகை. பழைய வெண்டைச் செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள், மணி கோத்தது போல வீங்கியிருந்தால் அதுதான். தாளை எடுத்த பின் வேப்பம் புண்ணாக்கு சேருங்கள், ஒரு வரிசை துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டு வளர்த்து மண்ணோடு மடக்கிவிடுங்கள்.

வெயில் காலத்தில்தான் தண்ணீரும் மாறும். கடலோரத்தில் நன்னீர் என்பது அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழே உள்ள உப்பு எல்லை காலப்போக்கில் சுமார் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். மழையில் நன்றாக இருந்த கிணறு கோடையில் கரிப்பதற்கு இதுதான் காரணம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி மாதம் ஒரு முறை பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. அங்கிருந்து 2000 வரைக்கும் பயிரைப் பார்த்து ஊற்ற வேண்டும். 2000-ஐத் தாண்டினால் உப்பு தாங்கும் செடிகளுக்கு மட்டும். இன்னொன்று, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது கடலோரத்தில் கெடுதல். தண்ணீர் ஆவியாகி, உப்பு வேர் மட்டத்திலேயே குவியும். விட்டு விட்டு, ஆனால் ஊற்றும் நாளில் வேரைத் தாண்டி இறங்கும்படி ஊற்றினால் உப்பும் கீழே போய்விடும். கூரையில் விழும் மழைநீரை வடிகட்டி மணலுக்குள் இறக்கிவிடுவது தோட்டத்துக்காக நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. அந்த நன்னீர்ப் படலத்தை வருடா வருடம் தடிமனாக்குவது அதுதான்.

மண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன். மணலில் தொழு உரம் போட்டேன், எங்கே போனது என்றே தெரியவில்லை என்பார்கள். உண்மைதான், சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது வேகமாக மட்கித் தீர்ந்துவிடும். ஒரே தடவை வண்டி வண்டியாகக் கொட்டுவதைவிட ஒவ்வொரு பருவ மாற்றத்திலும் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புவது மேல். கரித்தூள் கொஞ்சம் கலந்தால் அது பல வருடம் நின்று சத்தைப் பிடித்து வைக்கும். போடுமுன் அதைத் தொழு உரக் கரைசலில் ஊற வையுங்கள். தென்னை நார்க்கழிவு நல்லதுதான், ஆனால் அதிலேயே உப்பு இருக்கலாம். வாளியில் ஊற வைத்து, பிழிந்த தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். அளவு இறங்கும் வரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் காய்ந்த இலைதழை, மூன்று அங்குலம் வரை போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு கை இடைவெளி விட்டு.

இட்லிப்பூச் செடியில் இளம் இலை மட்டும் வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறதா? ஒரு கைப்பிடி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்த சுண்ணாம்பு மணல். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. கடையில் கிடைக்கும் ஈடிடிஏ (EDTA) வகை இரும்பு உரம் இப்படிப்பட்ட மண்ணில் சீக்கிரம் பலமிழக்கும், ஈடிடிஎச்ஏ (EDDHA) வகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம். தொட்டி கறுப்பு பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. மேற்கு வெயிலில் அதன் உள்சுவர் வேரை அவித்துவிடும்.

மழைக்காலம் மரம் நடவும் கொடி ஏற்றவும் ஆன காலம். முதல் இரண்டு நல்ல மழைக்குப் பின் மரக்கன்றுகளை நடுங்கள்; வறட்சி வருவதற்குள் வேர் ஆழம் கண்டுவிடும். பையிலிருந்து எடுக்கும்போது வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் கத்தியால் பக்கவாட்டில் மூன்று கீறல் போட்டுப் பிரித்து நடுங்கள். சுற்றிய வேரோடு நட்ட மரம் ஐந்து வருடம் நன்றாக வளர்ந்து, ஒரு புயலில் மூடி கழன்றது போலச் சாய்ந்துவிடும். முட்டுக் கம்பையும் இறுக்கிக் கட்டாதீர்கள். தண்டு கொஞ்சம் ஆடினால்தான் அடி தடிக்கும்.

காய்கறிக்கு மேட்டுப்பாத்தி, முக்கால் அடி முதல் ஓரடி வரை. கடலோரத்தில் மழையின் உச்சத்தில் நீர்மட்டம் காலடிக்கே வந்துவிடும். பப்பாளி மாதிரிச் செடிகள் வேரில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றாலே போய்விடும், அதைத் தோட்டத்தின் மேடான இடத்தில்தான் வைக்க வேண்டும். பாகல், பீர்க்கு, புடலை, சுரை எல்லாம் பந்தலில். தரையில் படர விட்டால் இலைக்கு அடியில் காற்று ஓடாது, சாம்பலும் அழுகலும் வரும். பந்தலிலும் அடிப்பக்கத்துப் பழுத்த இலைகளை வாரம் ஒரு முறை கிள்ளி எடுத்து, கீழிருந்து பார்த்தால் வானம் துண்டு துண்டாகத் தெரியும்படி வையுங்கள்.

பந்தலில் பூ நிறைய, காய் இல்லை என்றால் மழையில் தேனீ வரவில்லை என்று அர்த்தம். நீங்களே மகரந்தம் சேர்க்கலாம், ஆனால் நேரம் தெரிய வேண்டும். பூசணியும் வெள்ளரியும் பாகலும் காலையில் விரியும். பீர்க்கும் புடலையும் சுரையும் சாயங்காலம். பீர்க்கம்பூ விரியும் பொழுதில் பந்தலடியில் நின்று பாருங்கள். வெளிச்சம் மங்க மங்க மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றாகச் சுருக்கம் பிரிந்து தட்டையாகும், லேசான மணமும் வரும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. பெண் பூவுக்கு அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலைகுனிந்து நீள ஆரம்பித்தால் பிடித்துவிட்டது. பெண் பூவே வரவில்லை என்றால் தழைச்சத்து அதிகமாகியிருக்கலாம், யூரியாவை நிறுத்துங்கள்.

அவரை, சிறகவரை இரண்டுக்கும் ஒரு தனிக் குணம். நாட்டு ரகங்கள் பகல் குறுகினால்தான் பூக்கும். பூமத்திய ரேகைக்கு 10 டிகிரி தள்ளிய இடத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் அந்தச் சின்ன மாற்றத்தைச் செடி கண்டுபிடித்துவிடுகிறது. சீக்கிரம் போட்டால் கொடி மட்டும்தான் ஓடும். அதனால் பயமில்லை, காத்திருங்கள்.

மழையில் நத்தைகள் வரும். இரவில் டார்ச் அடித்துக் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், சில நத்தைகளில் மனிதருக்கு ஆபத்தான ஒட்டுண்ணி உண்டு. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழைக்காலம் முழுக்க எடுத்து வைத்துவிடுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

இடத்தை அமைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தரை வீட்டிலிருந்து விலகி, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டராவது சரிய வேண்டும். வீட்டுச் சுவருக்கும் புதருக்கும் நடுவே ஆள் நுழையும் அளவு இடம் விடுங்கள். சுவரிலும் செடியிலும் ஈரம் தங்காது. மேற்குப் பக்கம் இலை உதிர்க்காத ஒரு நிழல் மரம் வைத்தால் மாலை வெயிலில் வீடு வேகாது. புல்தரை வேண்டுமென்றால் வெயில் படும் இடத்தில் அருகம்புல்லோ மணிலா புல்லோ, இரண்டும் உப்பு தாங்கும். நிழலில் அருகு நிற்காது. நடமாட்டம் குறைந்த இடத்துக்கு நான் பொடுதலையைத்தான் சொல்வேன். தண்ணீர் குறைவு, வெட்டும் வேலை கிட்டத்தட்ட இல்லை, பட்டாம்பூச்சிகள் வந்து மொய்க்கும். பந்தல் கம்பி, கொக்கி, திருகு எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரணக் கம்பி இரண்டு மழைக்குள் துருப்பிடித்துப் பொடியும், காய்த்த பந்தலோடு இறங்கும்.

புயல் வரும் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்பே மரங்களைக் கவாத்து செய்யுங்கள். உச்சியை மொட்டையடிக்காதீர்கள், தயவுசெய்து. அந்த வெட்டிலிருந்து கொத்தாக முளைக்கும் கிளைகள் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை, அடுத்த காற்றில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, குறுகிய கவையாகப் பிரிபவை ஆகியவற்றை மட்டும் அடியோடு எடுத்து, மரத்துக்குள் காற்று புகுந்து போக வழி விடுங்கள். தென்னையில் பச்சை மட்டையை வெட்ட வேண்டாம், காய்ந்தது மட்டும். புயல் கடந்ததும் முதல் வேலை இலைகளையும் மண்ணையும் நல்ல தண்ணீரால் கழுவுவது. சாய்ந்த இளமரத்தை ஓரிரு நாளுக்குள் நிமிர்த்தி, வேரை ஈரச்சாக்கால் மூடிக் காப்பாற்றலாம். இலை முழுக்கப் போன பெரிய மரத்தை உடனே வெட்டாதீர்கள். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் ஒரு பருவம் பொறுங்கள். இப்படி நான் விட்டு வைத்த ஒரு பூவரசு நான்கு மாதம் கழித்து அடியிலிருந்து உச்சி வரை துளிர்த்தது.

இந்த வருடம் எல்லாவற்றையும் சேர்த்து ஆரம்பிக்க வேண்டாம். இந்த வாரம் நிழல்வலையைக் கடல் பக்கம் கட்டி, கிணற்றுத் தண்ணீரை அளந்துவிடுங்கள். முதல் மழையில் புன்னையும் பூவரசும் நான்கு கன்று, கூரைத் தண்ணீருக்கு ஒரு குழி. மழை பாதி கடந்ததும் தாழ்வாரத்தில் ஒரே ஒரு தட்டு தக்காளி நாற்று. வலைக்குப் பின்னால் அந்தத் தக்காளி எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த பாத்தியைத் திறங்கள்.